ருவாண்டாவிலிருந்து இரண்டு விருந்தாளிகள்

நான் சைவக்காரன். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவேன். புரட்டாசிச் சனி வந்தால் எள்ளெண்ணெய் எரிப்பேன். அப்படிப்பட்ட நான் ஒரு கிறிஸ்தவ சபைக்குச் சாரதியானதற்கு என்னுடைய பெரிய வான் வண்டிதான் காரணம். பிள்ளைகள் படித்து, வேலையென்று ஆளுக்கொரு பக்கம் போன பிறகும் அதை விற்க எனக்கு மனம் வரவில்லை.

மொன்ட்ரியாலின் வடபகுதியான மொன்ட்ரியால்-நோரில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ருவாண்டாப் பெண் ஒருவர் குடியிருக்கிறார். நாற்பதைத் தாண்டிய வயது, தனி ஆள், முதியோர் இல்லத்தில் வேலை. ஒரு ஞாயிறு காலை கொட்டுகிற பனியில் பஸ்ஸுக்கு நின்றவரை நான் ஏற்றிக்கொண்டுபோய் அவருடைய சபையில் இறக்கினேன். அது ஒரு பாடசாலை மண்டபம். அடுத்த ஞாயிறு அவருடன் இன்னும் இரண்டு பேர் என் வாசலில் நின்றார்கள். அந்தப் பனிமாரி முடிவதற்குள் வான் நிறைந்துவிட்டது.

"இஞ்சேருங்கோ, நாங்கள் எந்தச் சமயம் எண்டு கொஞ்சம் ஞாபகம் வைச்சிருங்கோ," என்று என் மனைவி சொல்லுவார். சொல்லிக்கொண்டே அவர்களுக்கு வடையும் கட்டித் தருவார்.

அந்தச் சபை இங்குள்ள வேறு சில சபைகளோடு சேர்ந்து ருவாண்டாவில் நடக்கும் ஓர் ஒப்புரவு ஊழியத்துக்கு உதவி செய்கிறது. இனப்படுகொலையில் உயிர் தப்பியவர்களையும், கொலை செய்து சிறையிருந்து வெளியே வந்தவர்களையும் ஒரே கிராமத்தில் குடியேற்றி, ஒன்றாக வீடு கட்டவும் மாடு வளர்க்கவும் ஜெபிக்கவும் வைக்கிறார்கள். இதையெல்லாம் மேல்வீட்டுப் பெண்தான் வானுக்குள் சொன்னார். அந்தப் படுகொலையில் அவருடைய தாயும் தம்பியும் போய்விட்டார்கள். அவர் அப்போது பள்ளிக்கூடச் சிறுமி. பக்கத்து வீட்டார் ஒளித்துவைத்ததால் பிழைத்தார். இதை அவர் ஒரேயொரு தடவைதான் சொன்னார்.

ஒரு கார்த்திகை மாதம் அந்த ஊழியத்திலிருந்து இரண்டு விருந்தாளிகள் வருகிறார்கள், கூட்டிவர முடியுமா என்று போதகர் என்னைக் கேட்டார். தப்பிப் பிழைத்த ஒரு பெண். அவரோடு இன்னொரு சாட்சி. விமான நிலையத்துக்கு நான் போனேன். அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். நல்ல பிரெஞ்சு, நல்ல சிரிப்பு. கூட வந்தவர் மெலிந்த, உயர்ந்த கமக்காரர்; ஊரில் வயலும் ஒரு பசுவும் வைத்திருப்பவர். இரண்டு பேருடைய பெட்டியையும் அவரே தூக்கினார். வானில் ஏறியதும் அந்த அம்மா அவருக்கு பெல்ட்டைப் போட்டுவிட்டு, சூட்டைக் கூட்டச் சொன்னார். அவர் குறைக்கச் சொன்னார். வழி நெடுகிலும் இதே சண்டை. இடையில் அவர் ஊருக்குத் தொலைபேசி எடுத்து, தன் பசுவுக்கு யார் புல்லுப் போட்டது என்று விசாரித்தார். அண்ணனும் தங்கையும் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அடுத்த நாள், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள புரோசார்ட்டில் முதல் கூட்டம். பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. சும்மா பேச்சுக்கு, "உங்களுக்கு எத்தினை சகோதரங்கள்?" என்று அந்த அம்மாவைக் கேட்டேன். நாங்கள் பேசியது பிரெஞ்சு. ஆனால் நினைவில் எல்லாம் எங்கள் ஊர்க் கதையாகத்தான் இருக்கிறது.

"ரெண்டு அண்ணன்மார் இருந்தவை," என்றார். பிறகு பின்சீற்றைக் காட்டி, "ரெண்டு பேரையும் இவர்தான் வெட்டினவர்," என்றார்.

நான் திரும்ப வேண்டிய எக்சிட்டைத் தவறவிட்டேன்.

பின்னால் அவர் வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வானை நேரே ஓட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அந்த அம்மாதான், இந்தப் பாதை கூட்டத்துக்குத்தான் போகிறதா என்று மெல்லக் கேட்டார். அமெரிக்க எல்லைப் பக்கம் பாதித் தூரம் போயிருந்தோம். மன்னிப்புக் கேட்டேன். இதைக் கேட்ட சாரதிமார் எல்லோருமே வழி தவறியிருக்கிறார்கள் என்று அவர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து மேல்வீட்டுப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. இன்னொரு சாட்சி என்றால் அவரும் தப்பியவர் என்றே நினைத்திருந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த ஞாயிறு சபைக்கு வரவில்லை. போதகர் தொலைபேசி எடுத்தபோது, என்னுடைய ஆட்களை வெட்டியவன் என்னிடம் வரவில்லை, இன்னொருத்தியிடம் வந்தவனுக்கு நான் ஏன் சபையில் நின்று பாட்டுப் பாட வேண்டும் என்று கேட்டாராம்.

விருந்தாளி அம்மா இதை அறிந்ததும் மேல்வீட்டுப் பெண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். கேட்டுப் பார்த்தேன். அவர் தனியே வரட்டும் என்று பதில் வந்தது. ஆனால் அன்று அந்தக் கமக்காரரை விட்டுவர வேறிடம் கிடைக்கவில்லை. அந்த அம்மா படியேறி மேலே போனார். இவரை நான் எங்கள் குசினிக்குக் கூட்டிவந்தேன்.

மனைவிக்கு எல்லாம் தெரியும்; அவர் தானாகவே போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று கூட்டத்தில் கேட்டதையும் சொல்லியிருந்தேன். அவர் தேநீரை ஊற்றிவிட்டு, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். எங்கள் நாட்டு யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமற்போன தன் அண்ணனை அந்த வேளையில் நினைத்தார் என்று பிறகு என்னிடம் சொன்னார். நின்றவர் கோப்பையைக் கமக்காரர் முன்னால் வைத்தார். அவர் இரண்டு கையாலும் அதை எடுத்தார். மேலே கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அவருக்குப் பிரெஞ்சு கொஞ்சம், எனக்கும் கொஞ்சம். இரண்டையும் சேர்த்தால் ஒரு சுமாரான பிரெஞ்சு வரும். மனைவி என்னிடம், "வெட்டினதை இவர் ஏன் தானாப் போய்ச் சொன்னவர் எண்டு கேளுங்கோ," என்றார். கேட்டேன்.

அவர் அவசரமில்லாமல் ஆறுதலாகச் சொன்னார். சிறையில் ஊழியக்காரர் வரும்போதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். ஒருநாள் ஊரிலிருந்து வந்த ஒருவர், அந்த அம்மா தன் அண்ணன்மாரின் எலும்பைத் தேடித் தோட்டம் முழுக்கக் கிண்டுகிறார் என்று சொல்லியிருக்கிறார்.

"அவ பிழையான இடத்திலை கிண்டினவ," என்றார். "சரியான இடம் எனக்குத் தெரியும். அதுக்குப் பிறகு என்னாலை படுக்க ஏலாமப் போச்சு."

சிறை அதிகாரிகளிடம் சொல்லி, காவலோடு போய் இடத்தைக் காட்டினாராம். அந்த அம்மா அவரைப் பார்க்கச் சம்மதிக்கப் பல வருடங்கள் சென்றன. சம்மதித்த அன்று அவர் முழந்தாளில் நின்றார். அந்த அம்மா எழும்பச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அதன் பிறகும் பல தடவை வந்து நின்றாராம்.

நான் தமிழில் சொல்லி முடித்தபோது மனைவி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றார். "எங்களுக்குத் தோண்டுறதுக்கு ஒரு இடமும் இல்லை. வந்து சொல்ல ஒரு ஆளும் இல்லை," என்றார். அதை நான் பிரெஞ்சில் சொல்லவில்லை.

மேலேயிருந்து படியில் காலடிச் சத்தம் வந்தது. விருந்தாளி அம்மாதான் புறப்பட வருகிறார் என்று நான் சாவியை எடுத்தேன். குசினி வாசலில் மேல்வீட்டுப் பெண் நின்றார். வீட்டுச் செருப்பு, கையில் உருளைக்கிழங்கு சீவுகிற கத்தி. நான் அந்தக் கத்தியையே பார்த்தேன். அவரும் அப்போதுதான் அதைக் கவனித்தார் போலும். எங்கள் மேசையில் வைத்தார். இரண்டு பெண்களும் மேலே அவ்வளவு நேரமும் கிழங்கு சீவிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கமக்காரர் எழுந்து நின்றார். அவர்கள் தங்கள் மொழியில் பேசினார்கள். மேல்வீட்டுப் பெண் ஒரு மலையின் பெயரைச் சொன்னதும் அவர் தலையசைத்ததும் மட்டும் விளங்கின. பின்னால் வந்து நின்ற அந்த அம்மா எங்களுக்குச் சொன்னார்.

"உன்னோடை சிறையிலை எங்கட பக்கத்து ஆக்கள் இருந்தவையோ எண்டு கேக்கிறா. இருந்தவையாம். அப்ப, என்ரை அம்மாவும் தம்பியும் எங்கை எண்டு கேட்டுச் சொல்லு எண்டுறா."

அவர் ஏதோ சொன்னார். ஒரே வரி.

"கேக்கிறன், ஆனா கிடைக்கும் எண்டு சொல்லமாட்டன் எண்டுறார்."

மேல்வீட்டுப் பெண் கத்தியை எடுத்துக்கொண்டு மேலே போனார்; அந்த அம்மாவும் கூடப் போனார். சற்று நேரத்தில் பொரித்த கிழங்கு ஒரு தட்டில் இறங்கி வந்தது. கொண்டுவந்தது விருந்தாளி அம்மாதான். நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம். கமக்காரர்தான் எல்லோரையும்விடக் கூடச் சாப்பிட்டார்.

அவர்கள் ஊர் திரும்பினார்கள். தை, மாசியெல்லாம் பனி அள்ளுவதிலேயே போனது. தெருவோரத்துப் பனி உருகி அழுக்குத் தண்ணீராக ஓடத் தொடங்கிய ஒரு பின்னேரம், மேல்வீட்டுப் பெண் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே எங்கள் கதவைத் தட்டினார். கமக்காரர் அந்தப் பக்கம் இருந்தார். தெரிந்தவர்கள் வீடுகளுக்கு நடையாய் நடந்திருக்கிறார். பலர் கதவே திறக்கவில்லை. கடைசியில் நோயில் கிடந்த ஒரு கிழவர், முன்பு கோப்பித் தோட்டம் இருந்த ஒரு சரிவைச் சொல்லியிருக்கிறார். ஊழியக்காரரும் ஊராரும் சேர்ந்து தோண்டியபோது பலருடைய எலும்புகள் வந்தன.

மேல்வீட்டுப் பெண் வேலையில் விடுப்பு எடுத்து ருவாண்டாவுக்குப் போனார். நான்தான் விமான நிலையத்தில் இறக்கினேன். போகும் வழியில் செருப்பு வாங்க மறந்ததைப்பற்றித்தான் பேசினார்.

திரும்பி வந்தபோது நல்ல வெயில். வானில் ஏறியதும் விமானச் சாப்பாட்டைத் திட்டினார். பக்கத்தில் இருந்தவரின் குறட்டையைத் திட்டினார். மெட்ரோப்பொலித்தன் நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசலுக்குள் மாட்டிக்கொண்டபோதுதான் மற்றதைச் சொன்னார். தாயின் சீலைத் துண்டை அடையாளம் கண்டாராம். தம்பியை நிச்சயமாகச் சொல்ல முடியவில்லையாம். எல்லோரையும் ஒன்றாக, ஜெபத்தோடு அடக்கம் செய்தார்கள். கமக்காரர் தூரத்தில் மண்வெட்டியோடு நின்றார். இவர் கையைக் காட்டிக் கூப்பிட்ட பிறகுதான் கிட்ட வந்து மண் போட்டார்.

அன்றிரவு எங்கள் வீட்டில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். மனைவிதான் கேட்டார், கமக்காரரை மன்னித்துவிட்டீர்களோ என்று.

"அவரை மன்னிக்க எனக்கு ஒண்டுமில்லை. அவர் எனக்கு ஒண்டும் செய்யேல்லை," என்றார் அவர். "என்ரை ஆக்களை வெட்டினவன் இன்னும் வாயைத் திறக்கேல்லை. அவன் வரட்டும், பாப்பம்."

சபையில் சாட்சி சொல்லும்படி போதகர் கேட்டபோது அவர் மாட்டேன் என்றுவிட்டார். அதற்குப் பதிலாக, தன்னைப்போல் ஆட்களைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் மொன்ட்ரியாலில் இருந்தால் தன் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் மேல்மாடியில் ஆட்கள் கூடுகிறார்கள். யார், எந்த மலை, கடைசியாக எங்கே கண்டது என்று கமக்காரருக்கும் அந்த அம்மாவுக்கும் தொலைபேசியில் சொல்கிறார்கள். சிலருக்குப் பதில் கிடைக்கிறது. பலருக்கு இன்னும் இல்லை. என் மனைவி வடை சுட்டு அனுப்புகிறார். சில நாட்களில் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அங்கேயே இருந்தும் விடுகிறார். அவர்கள் பேசுவது அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது.

போன ஞாயிறு, நகரின் மேற்குக் கோடியான கர்க்லாண்டிலிருந்து தங்கள் ஆட்களைத் தேடும் ஒரு வயதான தம்பதியை ஏற்றிவந்தேன். கணவர் மேல்மாடிக்குப் போகும் முதற்படியில் கால் வைத்துவிட்டு நின்றுவிட்டார். பிறகு வருவோம், இன்று வேண்டாம் என்றார். அவருடைய மனைவி அவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டு, கையைப் பிடித்தார். இருவரும் மெல்ல ஏறிப் போனார்கள்.