சவ்வு ஊறிய தண்ணீர்

செசிலி மேடம் இறந்த செய்தி வந்தபோது நான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில், கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஆய்வக உதவியாளர் போனில் அழுதார். "சார், செசிலி மேடம் தவறிட்டாங்க சார். நெஞ்சு வலின்னாங்களாம், ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

மறுநாள் அடக்கத்துக்கு வரதராசன்பேட்டை போனேன். மாதா கோயில் வாசலில் கால் வைக்க இடமில்லை. எப்போதோ படித்து முடித்த மாணவிகள் கைக்குழந்தையோடு வந்து நின்று அழுதார்கள். என் சாவுக்கு இதில் பாதிக் கூட்டமாவது வருமா என்று அங்கே நின்றபடி நினைத்தேன். அவரோடு வேலை பார்த்த பதினோரு வருடமும் எனக்கு அவர் மேல் பொறாமைதான். அவரைத் தெரிந்த உங்களிடம் இதைச் சொல்லாமல் அஞ்சலி என்று எதை எழுதினாலும் பொய்யாகிவிடும்.

நான் வேதியியல், அவர் நுண்ணுயிரியல். கிராஃபீன் என்ற மெல்லிய கரிப்படலத்தைக் கொண்டு குடிநீர் வடிகட்டும் சவ்வுகளை நான் செய்வேன். அவை பாக்டீரியாவைக் கொல்கின்றனவா என்று அவர் பார்த்துச் சொல்வார். என் மாணவர்கள்கூட ஒரு சந்தேகம் என்றால் என் அறையைத் தாண்டி அவர் அறைக்குப் போவார்கள். எரிச்சலாக இருக்கும். சோதனைத் தட்டில் பாக்டீரியா முளைக்காவிட்டால் எனக்குச் சந்தோஷம் வரும், அவருக்குச் சந்தேகம் வரும். "எல்லாம் செத்துப்போச்சுன்னா முதல்ல நம்ம கையைப் பாக்கணும் சார்" என்பார்.

ஒருமுறை என் சவ்வை வைத்த தட்டில் ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. திருச்சிக் கருத்தரங்குக்கு எழுதிப் போட்டுவிட்டு, துறை முழுக்கப் பால்கோவா கொடுத்தேன். மேடம் வாங்கி மேசையில் வைத்தார், தின்னவில்லை. சவ்வை ஒரு நாள் முழுக்க வெறும் தண்ணீரில் ஊறப்போட்டார். பிறகு சவ்வை எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரில் பாக்டீரியாவை விட்டார். அதுவும் செத்தது. லிட்மஸ் தாளை நனைத்து என்னிடம் நீட்டினார். சிவந்திருந்தது.

கிராஃபீன் ஆக்சைடு தயாரிக்கும்போது சேர்த்த அமிலம் சரியாகக் கழுவப்படாமல் சவ்விலேயே தங்கியிருந்தது. "கிராஃபீன் கொல்லல சார், உங்க அவசரம் கொல்லுது. நல்லா கழுவிட்டு வாங்க, திரும்பப் பாப்போம்." கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மூன்று வாரம் கழுவினேன். அதன் பிறகு சவ்வு கொஞ்சம்தான் கொன்றது, ஆனால் அந்தக் கொஞ்சம் நிஜம். திருச்சியில் அதைத்தான் வாசித்தேன். தலைமை வகித்தவர் எழுந்து, "சவ்வு ஊறின தண்ணியையும் தனியா சோதிச்சிருக்கீங்க பாருங்க, அந்த யோசனைக்காகவே உங்களைப் பாராட்டணும்" என்றார். அரங்கமே கைதட்டியது. முன்வரிசையில் இருந்த மேடமும் தட்டினார். யோசனை அவருடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன். திரும்பும் பஸ்ஸில் ஏதாவது கேட்பார் என்று பெரம்பலூர் வரும்வரை பயந்துகொண்டே வந்தேன். முறுக்குப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டியதோடு சரி.

அடக்கம் முடிந்து கிளம்பும்போது அவருடைய கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களைப் பத்தி வூட்ல பெருமையா சொல்லுவா சார். தப்புன்னு தெரிஞ்சதும் மூணு வாரம் உக்காந்து கழுவுனாரு, யாரு செய்வாங்கன்னு." தப்பைக் கண்டுபிடித்தது தான்தான் என்று கணவரிடம்கூட அவர் சொல்லவில்லை. நான் அங்கேயும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இப்போது சொல்கிறேன். அந்தச் சோதனை செசிலி மேடத்துடையது. அவருடையது என்று என்னிடம் இருப்பது, திருச்சியில் அன்று அவருக்கு விழுந்திருக்க வேண்டிய கைதட்டல் ஒன்றுதான். அதை இனி யாரிடம் போய்க் கொடுப்பேன்?