அம்மன் டிராக்டருக்குக் கேட்ட லைசென்ஸ்

எங்கள் தங்கச் சுரங்கக் குடியிருப்பு லைனில் மாரியம்மன் டிராக்டரில்தான் ஊர்வலம் வருவாள். டிரெய்லர் மேல் பூப்பல்லக்கு கட்டி, பக்கத்து லைன்களான கோரமண்டல் சுற்றி, பாலகாட் வரை போய்த் திரும்புவாள். மைன்ஸ் மூடிய பிறகு வருஷா வருஷம் அந்த டிராக்டரை ஓட்டியவன் நான். ஓட்டுகிறவன் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டியது முதல் ஒருவேளைச் சாப்பாடு, காலில் செருப்பு கிடையாது, ஊர் எல்லை தாண்டக் கூடாது. அதற்காகவே பெங்களூர் செக்யூரிட்டி வேலைக்கு லீவு சொல்லிவிடுவேன்.

லைசென்ஸ் என்று ஒன்று நான் எடுத்ததே இல்லை. அண்டர்கிரவுண்டில் லோகோ ஓட்டினேன், அதற்கு மைன்ஸ் கொடுத்த பாஸ் போதும். டிராக்டர் மேல் அம்மன் ஏறிவிட்டால் அது தேர். தேருக்கு யார் லைசென்ஸ் கேட்பார்கள்? நான் மட்டுமல்ல, லைனில் எல்லோருமே அப்படித்தான் நினைத்திருந்தோம்.

இந்த வருஷம் கேட்டார்கள். எனக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. ஊர்வலத்துக்குப் பர்மிஷன் வாங்கப் போலீஸ் ஸ்டேஷன் போன கமிட்டித் தலைவர் திரும்பி வந்தார்.

"டிரைவர் லைசென்ஸ் காட்டினாத்தான் பர்மிஷனாம். உன்கிட்ட இன்னா கீது?"

"மைன்ஸ் பாஸ் கீதுண்ணா."

"அத்த எடுத்துனு போய் மூடின ஷாஃப்ட் குழில போடு."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் எங்கள் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ஒரு ஏஜென்டைக் கேட்டேன். முதலில் எல்.எல்.ஆர்., ஒரு மாதம் கழித்துத்தான் டெஸ்ட் என்றான். அதற்குள் திருவிழாவே முடிந்துவிடும். "கார் லைசென்ஸ் இருந்தா டிராக்டருக்கும் அதுவே போதும்ணா. உங்களுக்கு அதுவும் இல்லியே," என்றான். அதை அப்படியே தலைவரிடம் போய்ச் சொன்னதும் நான்தான்.

"அப்டியா? என் மருமகன் பெங்களூர்ல கார்தானே ஓட்டறாரு," என்றார்.

வீட்டில் மனைவிக்கு ஆறவில்லை. "அம்மா இத்தினி வருஷமா உங்ககிட்ட லைசென்ஸா கேட்டா? போய் கேளுங்க."

"போலீஸ்கிட்டயா, அம்மாகிட்டயா?" என்றேன்.

ஊர்வலத்தன்றைக்குத் தலைவரின் மருமகன் ஷூவைக் கழற்றாமலே சீட்டில் ஏறினார். காப்பு வேண்டாமா என்று யாரோ கேட்டார்கள். "காலைல டூட்டிக்குப் போவணும், அதெல்லாம் எதுக்கு?" என்றார் தலைவர். நான் வெறுங்காலோடு முன்னால் நடந்தேன். போகும்போது அம்மனிடம் ஒன்று வேண்டிக்கொண்டேன். மேட்டில் வண்டி ஒருமுறை நின்றுவிட வேண்டும், அவ்வளவுதான். நிற்கவில்லை. அம்மன் ஒரு பூ உதிராமல் போய்த் திரும்பினாள்.

ஊர்வலம் கோயில் சேர்ந்ததும் பூசாரி முதலில் டிரைவர் காப்பைத்தான் அவிழ்ப்பார். பழக்கத்தில் மஞ்சள் தண்ணீரோடு டிராக்டர் அருகே போனவர், மருமகனின் வெறும் மணிக்கட்டைப் பார்த்து நின்றார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடி வந்து, "கைய நீட்டுப்பா," என்றார்.

வண்டி நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்ட கையை நீட்டினேன். ஜனங்கள் நடக்கிற ஊர்வலம், லைசென்ஸ் கேட்டதைத் தப்பென்று சொல்லமாட்டேன். அவிழ்த்த காப்பைத் தண்ணீரில் விட வேண்டும். நான் இன்னும் விடவில்லை. சாமி மாடத்தில் கிடக்கிறது. அதைப் பார்க்காமல் விளக்கேற்றுகிறேன்.