ஜைனம்பு என்னைத் தரையில் உட்காரவைத்தார்

எங்கள் காலைப் பயிற்சிக் குழுவின் வாட்ஸ்அப்பில் விடிந்ததும் ரோஜாப்பூக்கள் வந்து விழும். போன வாரம் அந்தப் பூக்களுக்கு நடுவே, 'ஜைனம்பு மேடம் மவுத்தாயிட்டாங்க' என்று ஒரு வரி வந்தது. அதற்குக் கீழேயும் யாரோ பார்க்காமல் ஒரு ரோஜாவை அனுப்பியிருந்தார்கள். ஜைனம்பு இருந்திருந்தால் அனுப்பியவரை மறுநாள் எழுப்பி நிற்கவைத்திருப்பார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் இயற்பியல் கற்பித்த மகளிர் கல்லூரியில் அவர் உடற்கல்வி இயக்குநர். மேலப்பாளையத்துக்காரர், என்னைவிட இளையவர். ஓய்வுபெற்ற பின், வண்ணார்பேட்டையில் என் வீட்டு மொட்டைமாடியில் பெண்களுக்கு யோகாசனம் கற்பித்தார்.

நான் அவரிடம் சேர்ந்ததற்குக் காரணம் ஆரோக்கியமல்ல, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பெண்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்துதான் எல்லாவற்றையும் முடிவு செய்வார்கள். மூட்டுவலி என்று ஒருமுறை வாய்விட்டால் போதும், மின்விசிறிக்கடியில் நாற்காலி போட்டு ஒதுக்கிவிடுவார்கள். அங்கிருந்து பார்த்தால் தலை வகிடுகள்தான் தெரியும், பேச்சு எட்டாது. என் தங்கை பேத்தியின் கல்யாணத்தில் அப்படி உட்கார்ந்து பாதாம்பால் குடித்தேன். இனித் தரையில்தான், அதுவும் பத்மாசனத்தில்தான் என்று அன்றே தீர்மானித்தேன்.

'மூட்ட டாக்டர்கிட்ட காட்டுனீயளா?' என்று கேட்டார் ஜைனம்பு.

'எதுக்கு? உக்காரத்தானே போறேன்?'

'அவரு சரின்னு சொல்லட்டும். அப்புறம் இங்கன வாங்க.'

தேய்மானம் கொஞ்சம்தான், வலிக்காத அளவுக்குச் செய்யலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகே என்னைச் சேர்த்துக்கொண்டார்.

முதல் நாள் நாங்கள் எல்லோரும் அவரவர் கல்யாணத்துக்கு வாங்கிய பத்தமடைப் பாயைப் பெருமையாகக் கொண்டுவந்திருந்தோம். மணமக்கள் பெயர் நெய்த பட்டுப்பாய். ஜைனம்பு ஒவ்வொன்றையும் வாசித்துக்கொண்டே நடந்தார்.

'மாப்பிள்ளை பேரு மேல உக்கார ஆசை இருக்கும், எனக்குப் புரியுது. ஆனா வழுக்குதே. சுருட்டி பீரோல வைங்கக்கா. போர்வை கொண்டாங்க.'

போர்வையை மடித்து அதன் விளிம்பில் உட்காரவைத்தார். முழங்காலைவிட இடுப்பு உயர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். வாரக்கணக்கில் சாதாரணச் சம்மணமும், உள்ளங்கால்களைச் சேர்த்து உட்காருவதும்தான் நடந்தன. பாதத்தை இழுத்தால் கால் தானாக மடங்கிவிடும் என்று நான் நெம்புகோல் விதியை விளக்கினேன்.

'உங்க நெம்புகோல் ஒடிஞ்சா காலேஜுல வேற வாங்கித் தருவாவ. மூட்டுக்கு யாரு தருவா? அது கதவுக் கீல் மாதிரிக்கா. மடங்கும், திருகாது. திருகுததெல்லாம் இடுப்புலேர்ந்து வரணும்.'

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் பங்கஜத்துக்குக் காத்திருக்கும் பழக்கமில்லை. ஒருநாள் ஜைனம்பு அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் இரண்டு பாதங்களையும் இழுத்துத் தொடைமேல் ஏற்றிவிட்டார். 'பாத்தீயளா!' என்று எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு. அடுத்து, 'எக்கா, எடுக்க வரலியே!'

ஜைனம்பு ஓடிவரவில்லை, நடந்துதான் வந்தார். கணுக்காலையும் கெண்டைக்காலையும் இரு கைகளாலும் தாங்கிப் பைய விடுவித்தார்.

'ஏறுனா போதுமா? இறங்கத் தெரியண்டாமா? தொடை இழுத்தா பொறுங்க. மூட்டு குத்துனா அப்பவே விடுங்க. எத்தன தடவ சொல்லுதது?'

பங்கஜம் சில வாரங்கள் மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்கினார். எனக்கு அதில் வருத்தம் இருந்ததாகச் சொன்னால் பொய்.

நான் ஒரு பாதத்தை மட்டும் தொடைமேல் வைக்கும் அர்த்த பத்மாசனம் வரை வந்தேன். தரையைத் தொடாத முழங்காலுக்கடியில் மடித்த துண்டு. பிறகு கால் மாற்றம். முழுப் பத்மாசனம் எப்போது என்று நச்சரித்தேன்.

'உங்களுக்கு வேண்டியது தரையாக்கா, போட்டோவா?'

பேராசிரியராக இருந்த நான் துண்டை எடுத்து அடுத்த முழங்காலுக்கடியில் வைத்தேன்.

போன வாரம் மேலப்பாளையத்து வீட்டிலிருந்து ஆண்கள் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துச் சென்ற பின், கூடத்தில் பெண்கள் பாயில் அமர்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். ஜைனம்புவின் மகள் என்னைக் கண்டதும் உள்ளே குரல் கொடுத்தாள்: 'பெரியம்மாவுக்கு ஒரு சேர் கொண்டாங்க.'

வந்தது. அதே பிளாஸ்டிக் நாற்காலி, சிவப்பு நிறத்தில்.

'எடுத்துட்டுப் போ. ஒரு போர்வை குடு.'

'உங்களுக்கு மூட்டுவலி இருக்குல்லா பெரியம்மா?'

'உங்க உம்மாகிட்ட படிச்சவ நான்.'

மடித்த போர்வையின் விளிம்பில் சம்மணமிட்டேன். இடுப்பு மேலே, முழங்கால் கீழே. ஓதி முடியும்வரை இருந்தேன். பிறகு கால்களைக் கையால் எடுத்து நீட்டி, பக்கமாகத் திரும்பி, ஒரு காலை ஊன்றி எழுந்தேன். பிடித்துக்கொள்ளப் பல கைகள் நீண்டன. ஒன்றையும் தொடவில்லை. அந்தக் கூடத்தில் நான் அழவில்லை என்று சிலர் குறைபட்டதாகக் கேள்வி. நான் எழுந்ததை அவர்கள் கவனிக்கவில்லை போலும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை ஒரு போர்வையின் மடிப்பும், ஏறிய இடத்திலிருந்து இறங்கும் வித்தையும். தங்கையின் அடுத்த பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். உறவினர்களுக்கு இதன்வழி அறிவிக்கிறேன்: ஜமுக்காளத்தில் நடுவே எனக்கு இடம் விடவும். பேச வேண்டியது நிறைய இருக்கிறது.