விளக்கை அணைத்துக் கூப்பிட்ட காலம்

எங்கள் சலவைக்கூடத்தில் பதினோரு வருஷம் இஸ்திரி போட்டவளுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை அவள் மடித்தால் நான்கு மூலையும் ஒன்றாக உட்காரும். நான் மடித்தால் பூனை படுத்து எழுந்த மாதிரி இருக்கும்.

எங்களுக்குத் தேநீர் இடைவேளைக்கு நேரம் காலம் கிடையாது. பெரிய மெஷின் ஒரு சுற்றுத் துவைத்து நின்றால்தான் இடைவேளை. உடனே நான் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுவேன். அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பாள். யாரும் சொல்லித் தந்ததில்லை, தானாக வந்த பழக்கம்.

போன வருஷம் புது மேலாளர் வந்தார். வேலையில் ஆள் நிலைத்து நிற்பதே இல்லை என்று அவருக்குக் கவலை. சுவருக்குப் பெயின்ட் அடித்து, ‘இங்கே எல்லோரும் ஒரே குடும்பம்’ என்று எழுதி வைத்தார். கையோடு கையாக, ஆள் நடமாடினால் தானே எரியும் விளக்குகளையும் மாட்டிவிட்டார். சுவிட்ச் போய்விட்டது; இனி அவளை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டோம்.

“முறை வச்சு ஆளுக்கொரு நாள் அந்தம்மா தோளைத் தட்டிக் கூப்பிடுங்க,” என்றார். பதினான்கு பேரும் தலையாட்டினோம். யார் முறை என்று யாருக்கும் நினைவில்லை. முதலில் சில நாள் அவளே தேடி வந்து தேநீர் அறை வாசலில் நிற்பாள். மறந்துவிட்டோம் என்று நெற்றியில் தட்டிக்கொள்வோம். பிறகு அவள் வருவதை நிறுத்திவிட்டாள்.

இடைவேளையே எடுக்காத ஊழியர் என்று மேலாளர் அவளுக்குக் கேடயம் கொடுத்தார். நாங்களும் வெட்கமில்லாமல் கைதட்டினோம். அடுத்த மாதம் அவள் வேலையை விட்டுவிட்டாள். விலகல் படிவத்தில் காரணம் கேட்ட இடத்தில் ‘சொந்த விஷயம்’ என்று எழுதியிருந்தாள். மேலாளர் நிம்மதியாக ஃபைலை மூடினார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவள் தங்கை என்னைப் பார்த்ததும், நான் அடிக்கடி மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளுவதைப் போல விரலால் செய்து காட்டினாள்.

“இது நீங்கதானே? அக்கா உங்களை இப்படித்தான் சொல்லும். பதினாலு பேருக்கும் ஒவ்வொரு பேர் வச்சிருக்கு.”

நாங்கள் அவளை ஊமைச்சி என்போம். அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது என்ற தைரியம்.

“திரும்ப வரச் சொல்லும்மா. இனிமே தினமும் நானே கூப்பிடுறேன்.”

உள்ளேயிருந்து வந்து நின்ற அக்காவிடம் தங்கை கையசைத்துச் சொன்னாள். அக்கா என்னையே பார்த்தபடி கையாலேயே பதில் சொன்னாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

“வேலை ரொம்பப் பிடிக்குமாம். ஆனா, நான் இங்க இருக்கேன்னு உங்களுக்கு ஞாபகப்படுத்தி ஞாபகப்படுத்தியே அலுத்துப்போச்சாம்.”

மன்னிப்புக் கேட்க நினைத்தேன். பதினோரு வருஷத்தில் அவள் பாஷையில் ஒரு சொல்கூட நான் கற்றுக்கொள்ளவில்லை. அதையும் தங்கையைத்தான் சொல்லச் சொன்னேன்.