நாலாவது குரல்

ஓரம் வெட்டப்பட்ட ஒரு சின்ன இரவுச் சட்டை என்னிடம் இருக்கிறது. மஞ்சள் நிறம். எத்தனை தடவை துவைத்தும் டயர் கறை போகவில்லை. அது மட்டும் இல்லாவிட்டால் நானே இதை நம்பியிருக்க மாட்டேன். பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிற ஆள் நான். ஆனால் இது நடந்தது. எனக்கு நடந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நாலு பேர். நான் கொரீன், என் புருஷன் வேட், பையன் டோபின், ஆறு வயது மகள் மெய்ஸி. ஒஹையோவில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, மூன்று வருஷமாக வண்டியிலேயே வாழ்கிறோம். பின்னால் படுக்கை, நடுவில் அடுப்பு, முன்னால் ஸ்டியரிங். சாப்பாட்டு மேஜைதான் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். என் அக்கா போன் செய்தால், "இந்தக் கூத்த எப்போ முடிக்கப்போறீங்க?" என்றுதான் இன்றைக்கும் ஆரம்பிப்பாள்.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியில் வாழ்கிற பல குடும்பங்களில் இது உண்டு. அவ்வளவு நீள வண்டியில், ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தால் பின்னால் யார் இருக்கிறார்கள், யார் இறங்கிவிட்டார்கள் என்று தெரியாது. பெட்ரோல் பங்கில் பிள்ளையை விட்டுவிட்டு நாற்பது மைல் போனவர்களை எனக்கே தெரியும். அதனால் சக்கரம் உருளும் முன் எண்ணிக்கை. வேட் "ஒண்ணு" என்பான். நான் "ரெண்டு". டோபின் "மூணு". கடைசியில் மெய்ஸி, கொஞ்சம் இழுத்து, "நாலு". நாலு வந்தால்தான் பிரேக்கிலிருந்து கால் எடுப்போம்.

போன ஜனவரியில் அரிசோனா பாலைவனத்துக்குப் போனோம். குளிர்காலத்தில் எங்களை மாதிரி ஆட்கள் அங்கேதான் கூடுவார்கள். மேட்டில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. கீழே, காய்ந்த ஓடையின் கரையில், அருமையான இடம் ஒன்று காலியாகக் கிடந்தது. நிழலுக்கு ஒரு மரம். யாரோ கல் அடுக்கிச் செய்த நெருப்புக் குழி. நம்ம அதிர்ஷ்டம்தான் என்று வேட் விசிலடித்துக்கொண்டே வண்டியை நிறுத்தினான். இவ்வளவு நல்ல இடத்தை இத்தனை பேரும் ஏன் விட்டுவைத்தார்கள் என்று எனக்கு ஒரு உறுத்தல். சொன்னால், ஆரம்பிச்சிட்டியா என்பான்.

முதல் ராத்திரியே சத்தம் கேட்டது. தரைக்கு அடியில்.

டக்... டக்... டக்... டக்.

நாலு தட்டு. பிறகு அமைதி. மறுபடியும் நாலு. மெய்ஸியின் கட்டிலுக்கு நேர் கீழே.

வேட் திரும்பிப் படுத்தான். "பகல் பூரா வெயில்ல காஞ்ச இரும்பு. குளிர்ல சுருங்குது. தூங்கு."

மறுநாள் மெய்ஸி வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். அடியில் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். யாரிடம் என்று கேட்டேன். "அவகிட்ட" என்றாள். நானும் குனிந்து பார்த்தேன். மணல்தான் இருந்தது. நான் கவலைப்படவில்லை. டோபினும் இந்த வயதில் கண்ணுக்குத் தெரியாத குதிரை ஒன்று வைத்திருந்தான். அதற்கு நான் புல் வேறு போட்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள், கழிவுத் தொட்டியைக் காலி செய்துவிட்டுத் தண்ணீர் பிடிக்க ஊருக்குள் கிளம்பினோம். வேட் ஓட்டினான்.

ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.

வண்டி நகர்ந்தது. மெய்ஸி எனக்கு எதிரில், மேஜையில் உட்கார்ந்திருந்தாள். வாய் நிறையக் கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி. மென்று, விழுங்கி, என்னைப் பார்த்தாள்.

"நான் இன்னும் சொல்லவே இல்லையே."

அந்த "நாலு" பின்னால் படுக்கையறையிலிருந்து வந்திருந்தது.

டோபினுக்கு மற்றவர்கள் மாதிரி பேச வரும். இது உன் சேட்டைதானே என்று வேட் கேட்டான். அவன் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தான். அவன் சத்தியம் எங்களுக்குத் தெரியாதா? எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

ஊரிலிருந்து திரும்பி அதே மரத்தடியில்தான் தூங்கினோம். நாலாம் நாள் விடிவதற்கு முன், ஐந்து பத்துக்குப் போன் அலறியது. வெள்ள எச்சரிக்கை. கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாலைவனத்தில் காய்ந்த ஓடை காய்ந்தே இருக்காது. மேலே மலையில் பெய்தால் கீழே நிற்பவன் தொலைந்தான்.

முன்னால் போகும் பள்ளத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டது. பின்பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். ஊருக்குள் சுற்ற ஒரு ஜீப்பை எப்போதும் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்து வருவோம்; அது இருந்தால் இந்த வண்டியைப் பின்னுக்கு எடுக்க முடியாது. வேட் மழையில் ஜீப்பை அவிழ்த்து, மேட்டுக்கு ஓட்டிப்போய், எங்கள் பக்கம் விளக்கைத் திருப்பி நிறுத்தினான். ஸ்டியரிங்கில் நான். வாக்கி டாக்கியில் கூப்பிட்டான்.

"எண்ணிட்டு எடு. ஒண்ணு."

"ரெண்டு" என்றேன்.

பக்கத்து இருக்கையிலிருந்து டோபின், தூக்கக் கலக்கத்தில், "மூணு."

பின்னாலிருந்து, "நாலு."

பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி பின்னால் உருண்டது. ஒரு சாண் இருக்கும். படுக்கையில் பெல்ட் கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது.

"மெய்ஸி, முன்னால வந்து உக்காரு."

"நாலு."

"வான்னு சொல்றேன்ல."

"நாலு."

"மெய்ஸி?"

"நாலு."

அதே குரல். அதே இழுப்பு. மூன்று தடவையும் அச்சு மாறாமல்...

பிரேக்கை மிதித்தேன். டோபின் டார்ச்சோடு பின்னால் ஓடினான்.

"அம்மா... கட்டில்ல யாருமே இல்ல."

பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது. காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

குதித்தேன். சேற்றில் விழுந்தேன். எழுந்தேன்.

வலது பின் சக்கரம். ஜீப் வெளிச்சம் எட்டாத பக்கம்.

அங்கே உட்கார்ந்திருந்தாள். டயரை ஒட்டி. இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு.

தூக்கினேன். வரவில்லை. சட்டையின் ஓரம் டயருக்கு அடியில் இருந்தது.

என் கத்தலில் வேட் ஓடிவந்தான். கத்தியால் சட்டையை அறுத்தான். அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னால் அழத்தான் முடிந்தது. ஓடையில் தண்ணீர் இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. எங்களுக்கு இருப்பது அந்த ஒரு வீடுதான். ஓடிவந்தபோது சேற்றில் சறுக்கி அவன் காலில் அடி. இந்தப் பெரிய வண்டியின் பிரேக்கை மிதிக்க முடியாது என்றான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவன் மேட்டில் நின்ற ஜீப்புக்குப் போனான். நான் தனியாக வண்டியில் ஏறினேன்.

எண்ணவில்லை. எண்ண ஆள் இல்லை.

பின்னுக்கு எடுத்தேன்.

"நாலு."

படுக்கையறையிலிருந்து.

திரும்பவில்லை. கண்ணாடியில் ஜீப் விளக்கை மட்டும் பார்த்தேன்.

"நாலு."

அடுப்புப் பக்கம்.

சக்கரம் மேட்டில் ஏறியது...

"நாலு."

என் இருக்கைக்குப் பின்னால். காதருகில்.

இன்ஜினைக்கூட அணைக்காமல் குதித்துவிட்டேன்.

ஜீப்பில் மெய்ஸி போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். ஏன் இறங்கினாய் என்று கேட்டேன்.

"அவதான் ஒளிஞ்சுக்கச் சொன்னா. எனக்குப் பதிலா அவளே நாலு சொல்றேன்னா."

ஒரு வாரம் கழித்து, நூறு மைல் தள்ளி ஒரு ஊரில், துணி துவைக்கும் கடையில் அந்தச் சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து இயந்திரத்தில் யோலாண்டா என்று ஒருத்தி. அவளும் எங்களை மாதிரி வண்டியில் வாழ்கிறவள். எங்கே தங்கியிருந்தீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டாள். சொன்னேன். துணி மடிப்பதை நிறுத்தினாள்.

அந்த மரத்தடியில் நாலு வருஷத்துக்கு முன் ஒரு குடும்பம் தங்கியிருந்ததாம். கடைக்குட்டிக்கு ஐந்து வயது. அப்பா வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். பிள்ளை பின் சக்கரத்துக்கு அடியில் இருந்தது. அதற்குப் பிறகு விஷயம் தெரிந்தவர்கள் யாரும் அங்கே வண்டியை விடுவதில்லை.

அப்படியானால் அந்தப் பிள்ளைதான் மெய்ஸியைக் கூப்பிட்டிருக்கிறது என்று நினைத்தேன். பாவம், விளையாட ஆள் இல்லாமல். பயத்துக்கு நடுவிலும் எனக்கு அதன்மேல் இரக்கம் வந்தது.

யோலாண்டா குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த மனுஷன் எண்ணாம எடுக்கலங்க. எண்ணிட்டுத்தான் எடுத்தாராம். புள்ள உள்ளேயிருந்து பதில் சொல்லுச்சு, அது குரலேதான்னு போலீஸ்கிட்ட தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னாரு. ஒருத்தரும் நம்பல."

அந்தப் பிள்ளைக்குப் பதிலாக அன்றைக்கு வண்டிக்குள்ளிருந்து எண் சொன்னது யார்?

இப்போதும் நாங்கள் வண்டியில்தான் இருக்கிறோம். ஆனால் கிளம்பும் முன் நான் எழுந்து போய், ஒவ்வொருவர் தலையையும் கையால் தொட்டுப் பார்க்கிறேன். வேட் சில நாள் பழக்கத்தில் "ஒண்ணு" என்று ஆரம்பித்துவிடுவான். ஓடிப்போய் அவன் வாயைப் பொத்திவிடுவேன்.