"முடியல" என்று சொல்லக் கூடாது

ராணுவத் தேர்வுக்கு மலையில் ஓடிப் பழகும் எங்கள் போடி ஊர்க் கும்பலுக்கு நான்தான் தலைவன். நான் தேர்வானவன் இல்லை. விசில் என்னிடம் இருந்தது, அவ்வளவுதான். வதைத்தால்தான் ஆள் சிப்பாய் ஆவான் என்று வீடியோக்களைப் பார்த்து முடிவுகட்டியிருந்தேன். அதனால் ஒரு சட்டம் போட்டேன்: "முடியல" என்று சொல்பவன் மூட்டையைச் சுமந்துகொண்டு மறுபடி மலை ஏற வேண்டும்.

ராசிங்காபுரத்து முருகேசனுக்கு வயது வரம்புப்படி அதுதான் கடைசி வாய்ப்பு. ஒருநாள் அவன் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டான். ஏலக்காய் மூட்டையைத் தோளில் ஏற்றிவிட்டு, "வெரசா ஏறு அப்பு, ஆத்தா மடின்னு நெனச்சியா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் "சரிண்ணே"தான். திருத்திவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை.

தேர்வு நாளில், பாதி ஓட்டத்திலேயே விழுந்துவிட்டான். வெளியே வந்ததும் அவன் ஷூவைக் கழற்றிப் பார்த்தேன். கணுக்கால் வீங்கிக் கறுத்திருந்தது. நான் மலை ஏறவிட்ட அன்று, மூட்டையோடு இறங்கும்போது பிசகியதாம். அந்தக் காலோடுதான் தினமும் ஓடியிருக்கிறான்.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா மறுபடி ஏறச் சொல்வீகல்லண்ணே."

சொல்லிக்கொண்டே எழுந்து நிற்கப் பார்த்தான்.

காயத்தை மறைக்கிறவனை நம்பி எந்தப் படை நிற்கும்? நான் பழக்கியது தைரியத்தை அல்ல, பொய்யை.

இப்போது அவன் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பில் கூலி வேலைக்குப் போகிறான். போன வாரம் வழியில் அவனை நிறுத்திக் கேட்டேன்.

"கால் எப்படிடா இருக்கு?"

"நல்லாருக்குண்ணே."

உண்மையா என்று தெரியவில்லை. என்னிடம் அவன் வேறு எப்படிச் சொல்வான்?