செம்பட்டைத் தலைக்கு ஒரு கை எண்ணெய்

போன மாதம் தலைக்குக் கலர் பண்ணிக்கொண்டேன். கறுப்பு இல்லை... அது பல வருடமாக நடக்கிற கூத்து. இது பாலயாஜ்.

பெயரைக் கேட்டு மிரளாதீர்கள். பிரெஞ்சு மொழியில் பெருக்குவது என்று அர்த்தமாம். வாசல் பெருக்குவோமே, அந்தப் பெருக்குவதுதான். முடியில் ஃபாயில் தாள் சுற்றுவது கிடையாது, முடியை வெளியே இழுக்க ஓட்டை போட்ட தொப்பி கிடையாது. முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுத்து, வெளுக்கிற கலவையைப் பிரஷ்ஷால் நடுவிலிருந்து நுனி வரை கைப்போக்கில் இழுத்துவிட வேண்டியது. மேலே லேசாக, நுனியில் அடர்த்தியாக. அளவெல்லாம் செய்கிறவரின் கண்ணில்தான் இருக்கிறது.

எனக்குச் செய்துவிட்டது ஜெஸிமா. கீழக்கரைப் பெண். கணவரோடு துபாயில் இருந்தபோது தொழிலைக் கற்றுக்கொண்டு, இப்போது எங்கள் ராமநாதபுரத்தில் பார்லர் வைத்திருக்கிறார்.

"அக்கா, நீங்க டை அடிச்ச கொஞ்ச நாள்லயே வகிட்டுல வெள்ளைக் கோடு தெரியுதுல்ல? இதுல அந்தத் தொல்லையே இல்ல. வேர்ல கை வைக்க மாட்டேன். நரையும் கலரும் ஒண்ணோட ஒண்ணு கலந்து போயிரும். வெயில்ல தானா வெளுத்த மாதிரி இருக்கும்" என்றார்.

அந்த வெள்ளைக் கோட்டைச் சொன்னதும் விழுந்துவிட்டேன். ஐம்பதைத் தாண்டிய பெண்கள் எத்தனை பேர் அந்தக் கோட்டுக்குப் பயந்து கல்யாண வீட்டுக்குப் போகிற தேதியை யோசித்திருப்போம்?

முடிந்ததும் கண்ணாடியைப் பார்த்தேன். நுனியெல்லாம் கருப்பட்டிப் பாகு நிறம். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

பண்ணிக்கொள்வது சுலபம். பராமரிப்பதுதான் பெரும்பாடு. சல்ஃபேட் இல்லாத ஷாம்பு, அதுவும் வாரத்துக்கு இரண்டு தடவைதான். மஞ்சள் பாரிக்காமல் இருக்க இடையிடையே ஊதா நிற ஷாம்பு. வெந்நீர் ஆகாது. வெயிலில் போனால் துப்பட்டா. கொஞ்ச நாளைக்கு எண்ணெய்ப் பக்கமே போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீர்.

"இந்த ஊரு உப்புத் தண்ணி எந்தக் கலரையும் தின்னுரும்க்கா. கடைசி அலசு நல்ல தண்ணியில அலசுங்க."

நல்ல தண்ணீர் என்றால் எங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீர். வண்டியில் வருகிற கேன் தண்ணீர். அதைத் தூக்கிக்கொண்டு நான் பாத்ரூமுக்குள் போவதை என் கணவர் பார்த்தார். "காப்பி போட மிச்சம் இருக்கா, இல்ல அதுவும் தலைக்குத்தானா?" என்று மட்டும் கேட்டார்.

இந்த அலங்காரத்தோடுதான் அம்மாவைப் பார்க்கப் போனேன்.

அம்மா, பரமக்குடிக்கு அந்தப் பக்கம் கிராமத்தில் என் தம்பி வீட்டில் இருக்கிறாள். கொஞ்ச காலமாக ஞாபகம் நழுவிக்கொண்டே வருகிறது. தம்பியை எங்கள் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். தினமும் சோறு போடுகிற தம்பி மனைவி செல்வியையே சில நாள் யாரென்று கேட்கிறாள். என்னை மட்டும் மறந்ததில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "வசந்தா வாராளா?" என்பாள். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. தம்பியின் முகம் வாடினாலும் எனக்கு உள்ளுக்குள் இனிக்கும்.

அன்றைக்குக் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு என் தலையைப் பார்த்தாள். நுனி முடியை எடுத்து விரலால் தேய்த்தாள்.

"ஏத்தா, தல என்ன இப்படிச் செம்பட்டையாக் கெடக்கு? யாரு பெத்த பிள்ள நீ?"

"அம்மா, நான்தான் வசந்தா."

"வசந்தாவுக்கு முடி கறுகறுன்னுல இருக்கும்" என்று சிரித்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எண்ணெ வைக்க ஆளில்லையோ? ஒனக்கு ஆத்தா இருக்காளா?" என்றாள்.



செம்பட்டை... எங்கள் பக்கம் அது வெறும் நிறம் இல்லை. கவனிக்க ஆளில்லாத பிள்ளை என்று அர்த்தம். மிளகாய்க் காட்டு வெயிலில் ஆடிவிட்டு வந்தால் முடி செம்பட்டை பாரித்துவிடும் என்று, என்னைப் பிடித்து உட்கார வைத்து எண்ணெயைக் கொட்டித் தேய்த்தவள் அம்மா. அவள் அவ்வளவு பாடுபட்டு விரட்டியதை நான் பார்லரில் உட்கார்ந்து, ஆசையாகக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். பிரெஞ்சில் பாலயாஜ், பரமக்குடியில் செம்பட்டை.

அம்மா செல்வியைக் கூப்பிட்டு எண்ணெய் கேட்டாள். செல்வி பாட்டிலைக் கொடுத்தாள். அம்மா உள்ளங்கை நிறைய ஊற்றிக்கொண்டு, "இங்கன திரும்புத்தா" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"எண்ணெ வேணாம்மா. கலர் போயிரும்."

நீட்டிய கை அப்படியே நின்றது. எண்ணெய் விரலிடுக்கில் வழிந்தது. அவள் கோபப்படவில்லை. வீணாக்க மனமில்லாமல் தன் முழங்காலில் தேய்த்துக்கொண்டாள். 

பஸ்ஸில் வரும்போது அழுதேன். அம்மா என்னை மறந்ததற்கு முடிதான் காரணம் என்று உறுதியாக நம்பினேன். மறுநாளே ஜெஸிமா முன்னால் போய் உட்கார்ந்து, கறுப்பு அடிக்கச் சொன்னேன்.

"இது மேல கறுப்பு போட்டா திரும்ப எடுக்க ஏலாதுக்கா. இன்னொரு தடவ வெளுத்தா முடி தாங்காது" என்றார் அவர்.

"பரவாயில்ல, போடு."

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். வகிடெடுத்து, வழித்துச் சீவி, பின்னல் போட்டு, பழைய வசந்தாவாக. வாசலில் செருப்பைக் கொஞ்சம் சத்தமாகவே கழற்றினேன். உள்ளேயிருந்து குரல் வரவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா என் பின்னலைத் தடவிப் பார்த்தாள். வசந்தா என்று சொல்வாள், சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"ஒனக்கென்னத்தா, முடி கறுகறுன்னு இருக்கு. ஒங்க ஆத்தா நல்லாப் பாத்துக்கிறா" என்றாள். "அந்தச் செம்பட்டத் தலப் பிள்ளதான் பாவம். அன்னைக்கு வந்துச்சு, எண்ணெ வைக்காமப் போயிருச்சு. எங்கயாச்சும் பாத்தா வரச் சொல்லு."

தலையணைக்குப் பக்கத்தில் எண்ணெய் பாட்டில் இருந்தது. அதை எடுத்து உள்ளே வைக்க அம்மா விடுவதே இல்லையாம். "யாருக்குன்னு கேட்டா, ஒரு பிள்ள வரும்னு சொல்லுறாங்க மதினி" என்றாள் செல்வி.

நான் தலையைக் குனிந்து காட்டினேன். "எனக்கு வைங்கம்மா" என்றேன்.

"ஒனக்கு எதுக்குத்தா?" என்று விட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு நல்ல தண்ணீர் குடிப்பதற்கு மட்டும்தான். நான் உப்புத் தண்ணீரில் தலை குளிக்கிறேன், வெயிலில் நின்று காய வைக்கிறேன், எண்ணெய் தொடுவதில்லை. சீக்கிரம் செம்பட்டை பாரிக்கட்டும்.